மண் நம்முடையது, விலை யாருடையது?

(தொலைக்காட்சி கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கருத்தரங்கின் தலைப்பு, தொழிலுக்கும் தற்காப்புக்கும் தேவையான கனிமங்கள் பற்றியது. நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் முன்வரிசையில் இருந்த ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "அக்கா, நம் நாட்டு மண்ணுக்கடியில் ஒரு லட்சம் கோடி ரிங்கிட் பெறுமானமுள்ள அரிய மண் இருக்கிறதாமே. அப்படியானால் நாம் பணக்கார நாடுதானே?"

நல்ல கேள்வி. அரிய மண் என்பது மொத்தம் 17 தனிமங்களுக்கான பொதுப்பெயர். கைத்தொலைபேசி, மின்சாரக் கார், காற்றாலை, ஏவுகணை என எல்லாவற்றிலும் அவை இருக்கின்றன. அமெரிக்காவின் எப்-35 போர் விமானம் ஒன்றில் மட்டும் 400 கிலோவுக்கு மேல் அரிய மண் பொருள்கள் அடங்கியிருப்பதாக அந்நாட்டு நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவு குறிப்பிட்டிருக்கிறது. நம் நாட்டில் ஏறக்குறைய 1 கோடியே 60 லட்சம் டன் இருப்பதாக அரசாங்கத்தின் மதிப்பீடு கூறுகிறது. தம்பி சொன்ன ஒரு லட்சம் கோடி என்ற கணக்கும் அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் தம்பிக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. இதே மண் நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகத்துக்கு வாரி வழங்கிய இன்னொரு கனிமம் உண்டு. அதன் கதையைச் சொன்னால் பதில் தானாகவே கிடைக்கும். அந்தக் கனிமம் ஈயம்.

ரசச் சொம்பு முதல் சார்டின் டின் வரை

"ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல் புளி சேர்த்துச் சமைக்க மாட்டார்கள். ரசம் வைக்க ஈயச் சொம்பு. இந்த ஈயம் வெள்ளீயம். துப்பாக்கிக் குண்டுக்கும் பழைய தண்ணீர்க் குழாய்க்கும் பயன்பட்ட காரீயம் வேறு. மலேசியாவில் நாம் ஈயம் என்று சொன்னாலே அது வெள்ளீயத்தைத்தான் குறிக்கும்.

வெள்ளீயத்துக்குத் துரு பிடிக்காது. மெல்லிய இரும்புத் தகட்டின் மேல் அதைப் பூசினால் உள்ளே வைத்த உணவு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். பால் டின்னும் சார்டின் டின்னும் பிறந்தது அப்படித்தான். அடுப்பங்கரைக்கு வருவதற்கு முன்பே இந்த டின்கள் ராணுவ முகாம்களுக்குப் போய்விட்டன. தொலைதூரத்தில் போரிடும் படைக்குச் சோறு போட்டது டின் உணவு. எந்திரங்கள் தேய்ந்துபோகாமல் சுழல வைக்கும் தாங்கிகளுக்கும், மின்கம்பிகளைப் பற்றவைக்கும் சால்டருக்கும், வெண்கலத்துக்கும் ஈயம் வேண்டும். ஈயம் இல்லாத நாடு பெரிய போர் ஒன்றை நடத்த முடியாது என்பது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எல்லா அரசாங்கங்களுக்கும் தெரிந்திருந்தது.

அந்த ஈயத்தில் ஏறக்குறைய பாதியை ஒரு காலத்தில் உலகத்துக்குக் கொடுத்தது இந்தச் சின்னஞ்சிறு தீபகற்பம்.

லாருட் தந்த ரயில்

1840-களில் பேராக்கின் லாருட் பகுதியில் லோங் ஜாபார் என்ற மலாய்த் தலைவர் ஈயம் எடுக்கத் தொடங்கினார். சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். யாருக்கு எந்தச் சுரங்கம், எந்த ஓடையின் தண்ணீர் என்ற தகராறு, கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சங்கங்களுக்கிடையே 1861-இல் போராக வெடித்தது. அந்தச் சண்டைகளைக் காரணம் காட்டித்தான் 1874 ஜனவரி 20-ஆம் தேதி பங்கோர் ஒப்பந்தத்தின் வழியாகப் பிரிட்டிஷார் பேராக்கின் நிர்வாகத்தில் நுழைந்தார்கள். ஈயம் இல்லாவிட்டால் அவர்கள் அத்தனை அவசரமாக உள்ளே வந்திருக்க மாட்டார்கள்.

இந்த நாட்டின் முதல் ரயில்பாதை 1885 ஜூன் 1-ஆம் தேதி திறக்கப்பட்டது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை சுமார் 13 கிலோமீட்டர். இன்று அந்தத் துறைமுகத்தின் பெயர் கோலா செப்பத்தாங். பயணிகள் வசதிக்காகப் போட்ட பாதை என்று நினைக்க வேண்டாம். ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை அது. காட்டை வெட்டி மண்ணைச் சமன்படுத்தித் தண்டவாளம் போட்டதில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த நம்மவர்களின் உழைப்பு இருக்கிறது. தமிழன் ரப்பர் பால் வெட்டத்தான் வந்தான் என்று பள்ளியில் படிக்கிறோம். ரப்பருக்கு முன்பே ஈயம் போகும் வழியை அமைக்க அவன் வந்துவிட்டான்.

1903: ஒரு வரி செய்த வேலை

இனி நான் சொல்லப்போவதைத் தம்பி நன்றாகக் கவனிக்க வேண்டும்.

மண்ணிலிருந்து எடுக்கும் ஈயத் தாது பார்ப்பதற்குக் கறுப்பு மணல் போல இருக்கும். அதை உலையில் உருக்கினால்தான் ஈயக் கட்டி கிடைக்கும். 1887-இல் தொடங்கப்பட்ட ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் சிங்கப்பூரின் புலாவ் பிரானி தீவில் பெரிய உருக்காலை நடத்தியது. 1902-இல் பட்டர்வொர்த்திலும் ஓர் உருக்காலை வந்தது.

அப்போது உலகிலேயே அதிக ஈயம் வாங்கிய நாடு அமெரிக்கா. ஆனால் அமெரிக்க மண்ணில் சொல்லிக்கொள்ளும்படி ஈயம் கிடையாது. அங்குள்ள தொழிலதிபர்கள் ஒரு திட்டம் போட்டார்கள். மலாயாவிலிருந்து தாதுவை மட்டும் வாங்கி, நியூ ஜெர்சி மாநிலத்தின் பேயோன் நகரில் தாங்களே உருக்கிக்கொள்வது என்பது அந்தத் திட்டம். உடனே கூட்டு மலாய் மாநிலங்களின் பிரிட்டிஷ் நிர்வாகம் 1903-இல் தாது ஏற்றுமதிக்குக் கடுமையான வரி விதித்தது. பினாங்கிலோ சிங்கப்பூரிலோ உருக்கப்படும் தாதுவுக்கு மட்டும் அந்த வரி இல்லை. அமெரிக்கத் திட்டம் அதோடு முடிந்தது.

மூலப்பொருளை அப்படியே வெளியே அனுப்பக் கூடாது, இங்கேயே பதப்படுத்த வேண்டும் என்ற கொள்கை ஏதோ இன்றைக்குப் புதிதாக வந்தது என்று எண்ணுகிறோம். 120 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் அது நடைமுறைக்கு வந்து வெற்றியும் பெற்றது. ஏன் வெற்றி பெற்றது? வரி போட்ட அன்று உருக்காலை இங்கே தயாராக இருந்தது. வேறு எங்கும் அத்தனை தாது கிடைக்கவில்லை. இரண்டும் கைவசம் இருந்ததால் வரி பலித்தது. ஆனால் அந்த வெற்றியின் லாபம் யாருக்குப் போனது என்பதையும் கேட்க வேண்டும். உருக்காலை பிரிட்டிஷ் முதலாளிகளுடையது. சட்டம் போட்டவர்களும் பிரிட்டிஷார். மண் மட்டும்தான் நம்முடையது.

டுங்குனிலிருந்து போன இரும்பு

எல்லாக் கனிமத்தையும் அவர்கள் இத்தனை கவனமாகக் காக்கவில்லை. ஜொகூரில் பத்து பகாட் அருகே ஸ்ரீ மேடானில் 1921 வாக்கில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று இரும்புத் தாது எடுக்கத் தொடங்கியது. திரெங்கானுவில் டுங்குன் அருகே புக்கிட் பெசியில் 1930-இல் இன்னொரு ஜப்பானிய நிறுவனம் வந்தது. அந்தத் தாது கப்பல் கப்பலாக ஜப்பானின் எஃகு ஆலைகளுக்குப் போனது. 1930-களில் ஜப்பான் இறக்குமதி செய்த இரும்புத் தாதுவில் பெரும் பங்கு மலாயாவிலிருந்து போனதுதான்.

பிரிட்டிஷாருக்கு அதில் வருமானம் கிடைத்தது, தடுக்கவில்லை. 1941-ஆம் ஆண்டின் நடுவில்தான் விழித்துக்கொண்டு வணிகத்தை நிறுத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 20 ஆண்டுகளாக ஜப்பானிய எஃகுக்கு இரும்பு கொடுத்த மண்ணின் மேலேயே குண்டுகள் விழுந்தன. கனிமத்தை விற்கும்போது வாங்குகிறவர் அதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று பார்க்காமல் விற்றதன் விலை அது.

பற்பசைக் குழாயும் போரும்

1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா ஈயமும், அதைத் தொடர்ந்து டச்சு இந்தியத் தீவுகளின் ஈயமும் நேச நாடுகளின் கையை விட்டுப் போயின. 1940-இல் 80,000 டன்னுக்கு மேல் ஈயம் கொடுத்த மலாயா, 1945-இல் சில ஆயிரம் டன்தான் கொடுத்தது. ஈயம் தோண்டும் மிதவைக் கப்பல்களை, மலாயில் கப்பால் கோரேக் என்று சொல்கிறோமே, அவற்றில் பலவற்றைப் பின்வாங்கிய பிரிட்டிஷாரே முடக்கிவிட்டார்கள்.

அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? 1942 ஏப்ரல் முதல், புதிய பற்பசை வாங்க வேண்டுமானால் பழைய குழாயைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தக் குழாயில் ஈயம் இருந்தது. உலகின் பெரிய பணக்கார நாட்டின் குடும்பத் தலைவிகள், பேராக்கில் கிந்தா பள்ளத்தாக்கு பறிபோனதன் விளைவைக் குளியலறையில் உணர்ந்தார்கள்.

ஆனால் அமெரிக்கா கையைப் பிசைந்துகொண்டு உட்காரவில்லை. போருக்கு முன்பே, 1939 ஜூனில், முக்கியக் கனிமங்களைச் சேமித்து வைப்பதற்கென்று சட்டம் இயற்றியிருந்தது. டெக்சஸ் மாநிலத்தின் டெக்சஸ் சிட்டியில் அரசாங்கச் செலவில் ஓர் உருக்காலை கட்டியது. பொலிவியாவின் தரம் குறைந்த தாதுவை அங்கே உருக்கியது. 1903-இல் வரி போட்டு எதைத் தடுத்தார்களோ, அதை அமெரிக்கா 1942-இல் செய்து காட்டியது. பட்ட அடியை அவர்கள் மறக்கவும் இல்லை. 1946-இல் சேமிப்புச் சட்டத்தை இன்னும் வலுவாக்கி, அமைதிக் காலத்திலேயே ஈயத்தை வாங்கிக் குவிக்கத் தொடங்கினார்கள்.

கிடங்கு யாரிடம் இருக்கிறது?

1950 ஜூனில் கொரியப் போர் தொடங்கியது. ஈயத்தின் விலை சில மாதங்களில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. மலாயாவில் அப்போது அவசரகாலம். ஈயமும் ரப்பரும் கொண்டுவந்த டாலரைத்தான் போரால் நொடித்துப்போன பிரிட்டன் நம்பியிருந்தது.

அமெரிக்காவில் லிண்டன் ஜான்சன் தலைமையில் இருந்த செனட் துணைக்குழு, ஈயம் விற்பவர்கள் நம்மைக் கொள்ளையடிக்கிறார்கள் என்ற பொருளில் கடுமையாகக் குறை கூறியது. இவர்தான் பின்னாளில் அதிபரானவர். 1951 மார்ச் மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் ஈயம் வாங்குவதையே நிறுத்தியது. கிடங்கில் ஈயம் இருந்தது, அவர்களால் காத்திருக்க முடிந்தது. நம்மால் முடியவில்லை. அந்த ஆண்டின் நடுவிலேயே விலை கிடுகிடுவென்று இறங்கியது.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கிடங்கில் சுமார் 3 லட்சத்து 50 ஆயிரம் டன் ஈயம் குவிந்திருந்தது. அன்றைய உலக உற்பத்தியில் இரண்டு ஆண்டுக் கணக்குக்கு அருகில் வரும் அளவு அது. இவ்வளவு தேவையில்லை என்று முடிவு செய்து 1962 முதல் அதை விற்கத் தொடங்கினார்கள். மலேசியாவும் பொலிவியாவும் பலமுறை எதிர்ப்புத் தெரிவித்தன. அவர்கள் விற்கும் ஒவ்வொரு டன்னும் நம் விலையை அழுத்தியது. ஒரு பிடி தாதுகூடத் தோண்டாத நாடு ஈயச் சந்தையில் பெரிய விற்பனையாளராக நின்றது.

இதற்கு மருந்தாகத்தான் 1956-இல் அனைத்துலக ஈய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. உற்பத்தி செய்யும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்து லண்டனில் ஒரு மன்றம் அமைத்தன. விலை இறங்கினால் மன்றம் ஈயத்தை வாங்கிச் சேமிக்கும், ஏறினால் விற்கும். கேட்பதற்கு நம் வீட்டு அரிசிப் பானை போல எளிதாகத் தோன்றும். ஏறக்குறைய 30 ஆண்டுகள் அது ஓடியது.

1981-இல் ஒரு சூதாட்டம், 1985-இல் ஒரு வீழ்ச்சி

சுதந்திரத்துக்குப் பிறகும் நம் பெரிய ஈயச் சுரங்கங்கள் பல லண்டன் முதலாளிகள் கையிலேயே இருந்தன. 1970-களின் நடுவில் பெர்னாஸ் நிறுவனம் லண்டன் டின் நிறுவனத்தை வாங்கியபோது உரிமை நாட்டுக்குத் திரும்பத் தொடங்கியது. 1972-இல் நாட்டின் உற்பத்தி ஏறக்குறைய 77,000 டன். உலகில் முதலிடம் நமக்குத்தான்.

சுரங்கம் நம்முடையதாகி வந்தது, விலை மட்டும் லண்டன் உலோகச் சந்தையில் முடிவாகிறது. இந்த வருத்தத்தில் பிறந்ததுதான் 1981-ஆம் ஆண்டின் திட்டம். மமின்கோ என்ற நிறுவனத்தின் பெயரில், மலேசிய அரசாங்கம் வெளியே சொல்லாமல் லண்டன் சந்தையில் ஈயத்தை வாங்கிக் குவித்தது. விலை ஏறியது. கையில் ஈயம் இல்லாமலேயே விற்றவர்கள், குறித்த நாளில் சரக்கைக் கொடுக்க முடியாமல் சிக்கிக்கொள்ளும் நிலை வந்தது. அப்போது, 1982 பிப்ரவரியில், சந்தை நிர்வாகம் விதியை மாற்றியது. சரக்கைக் கொடுக்க முடியாதவர்கள் அபராதம் கட்டிவிட்டு வெளியேறலாம் என்றது. விலை சரிந்தது. உயர்ந்த விலைக்கு வாங்கிய ஈயம் நம் தலையில் விழுந்தது. அரசாங்கத்துக்கு அதில் பங்கு இருந்ததை அன்றைய பிரதமர் மகாதீர் 1986-இல் ஒப்புக்கொண்டார்.

அந்த விதி மாற்றம் அநியாயம் என்று சிலர் சொல்வார்கள். நாம் செய்தது சூதாட்டம் என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஒன்று மட்டும் உறுதி. அடுத்தவர் நடத்தும் சந்தையில், அடுத்தவர் எழுதிய விதியின்கீழ், ரகசியமாக விளையாடி வெல்ல நினைத்தது பெரிய தவறு.

அதற்குள் உலகமும் மாறிக்கொண்டிருந்தது. குளிர்பானம் அலுமினியக் கேனுக்கு மாறியது. பிளாஸ்டிக் வந்தது. ஒப்பந்தத்தில் சேராத பிரேசில் மலிவு விலையில் ஈயத்தை வாரி இறைத்தது. அமெரிக்கா ஆறாவது ஒப்பந்தத்தில் சேர மறுத்தது. விலையைத் தாங்கிப் பிடிக்க லண்டன் மன்றம் கடன் வாங்கி வாங்கி ஈயத்தைச் சேர்த்தது. 1985 அக்டோபர் 24-ஆம் தேதி, கையில் பணம் இல்லை என்று அறிவித்தது. லண்டனில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டது. மன்றத்தின் கடன் சுமார் 90 கோடி பவுண்டு. கோலாலம்பூர் சந்தை 1986 பிப்ரவரியில் மீண்டும் திறந்தபோது விலை விழுந்துகொண்டிருந்தது. சிறிது காலத்தில் கிலோ ஏறக்குறைய 30 ரிங்கிட்டாக இருந்தது பாதியாகிவிட்டது.

கிந்தா பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கான சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையிழந்தன. ஈப்போ, கம்பார், பத்து காஜா, கோப்பெங் வட்டாரங்களிலிருந்து இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். அந்த ஊர்க்காரர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். ஏன் நம் ஊர் அப்படி வெறிச்சோடிப் போனது என்ற கேள்விக்கான பதிலில் பாதி, லண்டனில் அந்த ஒரே நாளில் எழுதப்பட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். சுரங்கங்கள் மூடின, உருக்காலை மூடவில்லை. பட்டர்வொர்த்தில் தொடங்கிய தொழில், வெளிநாட்டுத் தாதுவை இறக்குமதி செய்து உருக்கித் தொடர்ந்து நடந்தது. இன்று போர்ட் கிள்ளான் அருகே புலாவ் இண்டாவில் நடக்கிறது. தோண்டத் தெரிந்தவர்கள் தோற்றார்கள். பதப்படுத்தத் தெரிந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

மணலில் எஞ்சியது

ஈயம் அரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கனமான மணலுக்கு அமாங் என்று பெயர். அதில் மோனசைட், செனோடைம் போன்ற கனிமங்கள் உண்டு. அரிய மண் அவற்றில்தான் ஒளிந்திருக்கிறது. ஆகவே ஈயத்தின் கதையும் அரிய மண்ணின் கதையும் இரண்டு கதைகள் அல்ல, ஒரே மணலின் கதை.

என் தொழிலுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. பழைய பெட்டி வகை வண்ணத் தொலைக்காட்சித் திரையில் சிவப்பு நிறத்தைக் காட்டியவை யூரோப்பியம், இட்ரியம் என்ற இரண்டு அரிய மண் தனிமங்கள். நம் நாட்டில் வண்ண ஒளிபரப்பு 1978 டிசம்பரில் தொடங்கியது. மறு ஆண்டு, ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் பங்குதாரராக இருந்த ஏசியன் ரேர் எர்த் நிறுவனம் அமைக்கப்பட்டது. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் அதன் ஆலை 1982-இல் இயங்கத் தொடங்கியது. அமாங்கிலிருந்து கிடைத்த மோனசைட்டைப் பதப்படுத்துவது அதன் வேலை.

மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருளும் உண்டு. அந்தக் கழிவை எங்கே வைப்பது? 1984-இல் பக்கத்து ஊரான பாப்பானில் கொட்ட முயன்றபோது மக்கள் எழுந்து நின்றார்கள். 1985-இல் புக்கிட் மேரா குடியிருப்பாளர்கள் எட்டுப் பேர் வழக்குத் தொடுத்தார்கள். தங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வருகிறது, குழந்தைகள் குறைபாட்டோடு பிறக்கின்றன என்றார்கள். ஆலைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றது நிறுவனம். 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. கழிவை அகற்றிக் கிளேடாங் மலைப் பகுதியில் புதைக்க ஏறக்குறைய 10 கோடி அமெரிக்க டாலர் செலவானது என்று 2011-இல் செய்தி வந்தது.

ஆலை வேலை செய்தது பத்து ஆண்டு கூட முழுமையாக இல்லை. துப்புரவுப் பணி அதைவிட நீண்டது. உலகம் முழுக்க வீடுகளில் வண்ணப்படம் பார்த்தார்கள். கணக்கைத் தீர்க்க வேண்டியவர்களாகப் புக்கிட் மேரா மக்கள் நின்றார்கள்.

மீண்டும் வந்து நிற்கும் கேள்வி

2010 செப்டம்பரில் கிழக்குச் சீனக் கடலில் ஒரு சீன மீன்பிடிப் படகும் ஜப்பானியக் கடற்காவல் கப்பல்களும் மோதிக்கொண்டன. அதைத் தொடர்ந்து சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போகும் அரிய மண் நின்றுபோனது. உலகத் தேவையின் மிகப் பெரும்பகுதியைச் சீனாதான் கொடுத்துவந்தது. ஜப்பான் 1942-இன் அமெரிக்காவைப் போல விழித்துக்கொண்டது. மறு ஆண்டே, ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்துக்கு 25 கோடி டாலர் அளவில் நிதி கொடுக்க ஒப்புக்கொண்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டில் எடுக்கும் தாதுவைப் பிரித்தெடுக்கும் ஆலையைத்தான் லைனாஸ் பகாங் மாநிலம் குவாந்தான் அருகே கெபேங்கில் கட்டிக்கொண்டிருந்தது. புக்கிட் மேராவை நினைவில் வைத்து மக்கள் போராடினார்கள். 2012-இன் இறுதியில் ஆலை இயங்கத் தொடங்கியது.

இன்று நிலைமை இன்னும் இறுகியிருக்கிறது. 2023-இல் அரிய மண்ணைப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பத்தையே வெளியே கொடுக்கக் கூடாது என்று சீனா தடை போட்டது. 2025 ஏப்ரலில் ஏழு வகை அரிய மண்ணுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று அறிவித்தது. சில வாரங்களில் காந்தம் கிடைக்காமல் கார் தொழிற்சாலைகள் தடுமாறின. அதே ஆண்டு மே மாதத்தில் கெபேங் ஆலை டிஸ்பிரோசியம் என்ற கனரக வகையைப் பிரித்தெடுத்தது. சீனாவுக்கு வெளியே வணிக அளவில் அது முதல் முயற்சி.

நம் சொந்த மண்ணின் கதை வேறு. 2022-இல் உலு பேராக்கின் கெனெரிங்கில் முன்னோடித் திட்டமாக அரிய மண் எடுக்கத் தொடங்கினார்கள். எடுத்தது சீனாவுக்குப் போனது. 2023 செப்டம்பரில் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம், பதப்படுத்தாத அரிய மண்ணை ஏற்றுமதி செய்யத் தடை வரும் என்று அறிவித்தார். 2024 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. 2025 அக்டோபரில் கோலாலம்பூரில் அமெரிக்காவுடன் வணிக ஒப்பந்தமும் முக்கியக் கனிமங்கள் பற்றிய புரிந்துணர்வும் கையெழுத்தாயின. அமெரிக்காவுக்குப் போகும் கனிமங்களுக்குத் தடையோ வரம்போ விதிக்க மாட்டோம் என்ற வாசகம் அதில் இடம்பெற்றது. மூல மண்ணுக்கான தடை தொடரும் என்று அரசாங்கம் அப்போது விளக்கம் தந்தது. ஒரு பக்கம் சீனாவின் தொழில்நுட்பம், மறுபக்கம் அமெரிக்காவின் தேவை, நடுவில் நம் மண்.

தம்பிக்கு என் பதில்

1903-இன் வரியையும் 2024-இன் தடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொள்கை ஒன்றுதான். ஆனால் 1903-இல் வரி போட்டவர்களிடம் உருக்காலை இருந்தது. கெபேங் ஆலை மலேசிய மண்ணில் இருந்தாலும் ஆஸ்திரேலிய நிறுவனத்துடையது, ஆஸ்திரேலியத் தாதுவுக்காகக் கட்டப்பட்டது. பூட்டு போடுவது சுலபம். உள்ளே தொழில் நடந்தால்தான் அந்தப் பூட்டுக்குப் பொருள் உண்டு.

ஆகவே தம்பி, அரிய மண் பற்றி இனி ஒரு செய்தி வரும்போது எத்தனை லட்சம் கோடி என்று மட்டும் பார்க்காதீர்கள். நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: பிரித்தெடுப்பது யார்? அந்த நுட்பம் தெரிந்த வேதியியல் வல்லுநர்களை நம் பல்கலைக்கழகங்கள் உருவாக்குகின்றனவா?

இரண்டாவது கேள்வி: கையிருப்பு யாரிடம்? விலை இறங்கும் காலத்தில் விற்காமல் பொறுத்திருக்க நம்மிடம் கிடங்கும் பணமும் உண்டா, அல்லது 1951-இல் போல வாங்குபவர் கதவைச் சாத்தினால் நாம் தவிக்க வேண்டியதுதானா?

மூன்றாவது கேள்வி: விலை எங்கே முடிவாகிறது? அந்தச் சந்தையின் விதியை எழுதும் மேசையில் நமக்கு நாற்காலி உண்டா?

நான்காவது கேள்வி: கழிவு எந்த ஊரில் தங்கப்போகிறது? அந்த ஊர் மக்களிடம் முன்கூட்டியே கேட்டார்களா? புக்கிட் மேரா மக்கள் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். அதற்கு நேர்மையான பதில் இல்லாமல் முதல் மூன்றுக்கும் பதில் கிடைத்தாலும் பயனில்லை.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை பத்து காஜா அருகே தஞ்சோங் துவாலாங் சாலையில் இருக்கும் பழைய ஈயக் கப்பலுக்கு அழைத்துப் போங்கள். 1938-இல் இங்கிலாந்து நிறுவனம் கட்டி, 1980-களின் தொடக்கம் வரை குட்டை குட்டையாக மிதந்து மண்ணை வாரிய 4,500 டன் எடையுள்ள எந்திரம் அது. அதைச் சுற்றி எத்தனை ஈயக்குட்டைகள் இருக்கின்றன என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். இங்கிருந்த ஈயம் எங்கே போனது என்று அவர்கள் கேட்பார்கள். இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அவர்கள் பெரியவர்களாகும்போது உலு பேராக்கின் மலைச்சரிவுகளைப் பற்றி அவர்களுடைய பிள்ளைகள் அதே கேள்வியைக் கேட்காமல் இருக்க வேண்டும். அல்லது கேட்டாலும், இதோ இங்கேதான் இருக்கிறது என்று காட்ட ஓர் ஆலையும் ஒரு பல்கலைக்கழகமும் சுத்தமான ஓர் ஆறும் இருக்க வேண்டும்.